எங்க நைனாவைத் திருப்பிக் கொடுங்க ஐயா

2023 டிசம்பர் 26, நடுராத்திரி நேரம். முதலில் மூக்கில் ஏறியது. பிறகு கண், பிறகு தொண்டை. உரத் தொழிற்சாலைக்குப் போகிற கடலடிக் குழாயிலிருந்து, எண்ணூர் பெரியகுப்பம் கரையோரம் அம்மோனியா கசிந்திருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்தது மூச்சு விட முடியவில்லை என்பது ஒன்றுதான். பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஈரத்துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு, ஆட்டோ கிடைத்தவர்கள் ஆட்டோவிலும் பைக் இருந்தவர்கள் பைக்கிலும் மற்றவர்கள் கால்நடையாகவும் குப்பம் குப்பமாக ஓடினோம். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ரோட்டுக்கு வந்து தலைகளை எண்ணினேன். அம்மாவைக் காணோம்.

திரும்பி ஓடினேன். வாசற்படியில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். முந்தானை தோளில் கிடந்தது, மூக்கைப் பொத்தவில்லை. கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர். கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

"இரு பாப்பா. இந்த எரிச்சல்லதானே உங்க நைனா அஞ்சு வருசமா கீறாரு. ஒரு நிமிசம் நானும் இருந்து பாக்கறேன்."

அவள் அன்று சொன்ன இந்த வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழாயில் கசிந்ததை இரண்டு நாளில் காற்று கொண்டுபோய்விட்டது. என் அம்மாவின் நெஞ்சுக்குள் 2018-லேயே சபை ஐயா ஒருவர் ஒரு தீயை மூட்டிவிட்டுப் போனார். அது இன்னும் அணையவில்லை.

வேலை செய்யும் இடத்தில் கூட உட்காருகிறவர் ஒருநாள் கேட்டார்: "நீங்கள்லாம் நரகத்துக்குப் பயந்துதானே சாமி கும்பிடுறீங்க? நாளைக்கே நரகம்னு ஒண்ணு கிடையாதுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவீங்களா?" நல்ல மனிதர்தான். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. ஆனால் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அம்மாவின் முப்பது வருட விசுவாசத்தை வெறும் பயம் என்கிறாரே என்று ஒரு வலி. அப்படிச் சொல்ல அவருக்கு இடம் கொடுத்தவர்கள் எங்கள் ஆட்கள்தானே என்று இன்னொரு வலி.

எங்கள் அம்மா பயந்து போய்ச் சபையில் சேர்ந்தவள் இல்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு டைபாய்டு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். நைனா தொழிலுக்குப் போனால்தான் வீட்டில் உலை வைக்க முடியும், அதனால் அம்மா தனியாகக் கிடந்தாள். அப்போது சபையிலிருந்து இரண்டு பெண்கள் தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டு வந்தார்கள். யாரென்று தெரியாது. சொந்தம் இல்லை, சாதி இல்லை. "மீன்காரின்னு மூக்கப் பொத்தாம என் பக்கத்துல உக்காந்தாங்க பாப்பா. என் தலையில கைய வச்சாங்க. அவங்க சாமி பேரு இன்னான்னு ஒம்போதாம் நாள்தான் கேட்டேன்" என்பாள். சாட்சி சொல்லும் நேரத்தில் சபையில் எழுந்து நின்று எத்தனையோ தடவை இதைச் சொல்லியிருக்கிறாள். அதில் நரகம் ஒரு வார்த்தையாகக்கூட வந்ததில்லை.

நைனா ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கன்னியம்மனுக்குச் சூடம் ஏற்றிவிட்டுத்தான் படகைத் தள்ளுவார். மீன் படாத நாளில் அவளையே திட்டுவார், "ஆத்தா, உனுக்குக் கண்ணு இல்லியா" என்று. அவருக்குச் சாமியிடம் பயம் இருந்து நான் பார்த்ததில்லை, உரிமைதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சைக்கிளில் கொண்டுபோய்ச் சபையில் விட்டுவிட்டு வெளியே வேப்ப மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு பாட்டுக் கேட்பார். சபைக்குக் கூரை மாற்றியபோது ஒரு நாள் மீன்பாட்டுக் காசை அப்படியே கொடுத்தார். வாங்கிக்கொண்டார்கள்.

பயம் எங்கள் வீட்டுக்குள் பிறகுதான் வந்தது, என் வழியாக. எனக்குப் பத்து வயது. மே மாத லீவில் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி. பாட்டு, பிஸ்கட், வண்ணக் காகிதம், எல்லாம் சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்காவது நாள் ஒரு படத்தை மாட்டினார்கள். தீ. தீக்குள் கைகள். "இன்னிக்கு ராத்திரி நீ செத்துட்டா எங்க போவ?" என்று ஒரு அண்ணன் கேட்டார். அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கினோம். எத்தனை ஆத்துமாக்கள் என்று எண்ணி எழுதிக்கொண்டார்கள்.

பயம் கையைத் தூக்க வைக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாராவது வந்து கேட்டார்களா? தினமும் ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு அந்தப் பாவ அறிக்கை ஜெபத்தை மறுபடி மறுபடி சொல்வேன். நேற்றுச் சொன்னது பலித்ததா என்று சந்தேகம். ஒரு வார்த்தை தவறிவிட்டதோ என்று சந்தேகம். பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கும் நைனாவைப் பார்த்து, இவர் இந்த ராத்திரி செத்துவிடக் கூடாதே என்று அழுவேன். ஆண்டவர்மேல் எனக்கு அன்பு வரவில்லை. ராத்திரி வந்து எண்ணிக்கை சரிபார்க்கிற போலீஸ்காரர் மாதிரித்தான் அவர் எனக்குத் தெரிந்தார். அந்த நிலையிலிருந்து வெளியே வர எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

பிள்ளைகளுக்கு நரகத்தைக் காட்டுவது எங்கள் சபைகளில் மட்டும் நடந்ததில்லை. 1917 ஜூலை 13 அன்று போர்ச்சுகலின் பாத்திமாவில் மாதா மூன்று சிறு பிள்ளைகளுக்கு நரகக் காட்சியைக் காட்டியதாகக் கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். அவர்களில் சின்னவள் ஜசிந்தாவுக்கு ஏழு வயது. அன்று சொல்லிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லும் ஒரு ஜெபம் ஜெபமாலையில் ஒவ்வொரு பத்து மணிகளுக்குப் பிறகும் சொல்லப்படுகிறது. எங்கள் பக்கத்துத் தெருவில் சாயங்காலம் கேட்கும். அதன் முன்பாதிதான் நரக நெருப்பு. பின்பாதியில் எல்லா ஆத்துமாக்களையும் மோட்சத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி மன்றாட்டு இருக்கிறது. எல்லாரையும். என் அனுபவத்தில் முன்பாதியைச் சொல்லி மிரட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்பாதியை எடுத்துச் சொல்லித் தேற்றியவர்களைப் பார்க்கவே இல்லை.

நைனா எப்படிப்பட்டவர் என்று சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா சபையில் இருந்தாள். நைனா கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். கடல் உள்ளே வந்தபோது, அவர் கையில் கிடைத்தது அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர். கொண்டுபோய் மேட்டில் விட்டார். திரும்ப இறங்கினார். நடக்க முடியாத ஒரு பாட்டியை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது முறையும் இறங்கினார். பெரியப்பா வேட்டியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றே போயிருப்பார். 2017 ஜனவரி 28-ல் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோதும் வாளியோடு இறங்கினவர் அவர். எர்ணாவூர்ப் பாறைகளுக்கு நடுவில், முட்டி வரை கறுப்போடு நின்று அள்ளினார். "என் கடலு, நான் அள்ளாம வேற எவன் வந்து அள்ளுவான்?"

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை எனக்கும் படிக்கத் தெரியும் ஐயா. கடைசி நாளில் என்ன கேட்கப்போகிறார் என்று இயேசுவே சொல்லி வைத்திருக்கிற இடம். பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா, நோயாளியைப் பார்க்க வந்தாயா. எந்தச் சபை, எந்த வருஷம் முழுக்கு எடுத்தாய் என்று அந்தக் கேள்விகளில் இல்லை.

2018, ஆடி மாதம். மூச்சுத் திணறல் வந்து நைனா போய்ச் சேர்ந்தார். தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த வாரம் அது. மூன்றாம் நாள் பால் தெளிக்கப் பெரியப்பாவும் சித்தப்பாவும் கிளம்பினார்கள். அம்மா போகவில்லை. விசுவாசி அதில் எல்லாம் கலந்துகொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர் குழி மேல் ஒரு கை மண் போட விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூ வைக்கக் கூடாது, படத்துக்கு மாலை போடக் கூடாது. அன்று சாயங்காலம் ஆறுதல் ஜெபம் என்று வந்தார்கள். வந்த பிரசங்கியார் ஐயா நைனாவின் படத்துக்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாடினார்கள். பிறகு அவர் எழுந்து நின்றார்.

"சகோதரர் நல்ல மனுஷர்தான். ஆனா நல்ல மனுஷர்ங்கிறது காப்பாத்தாது. வாய்ப்பு இருந்தும் எடுக்கல. இப்ப எங்க இருக்கார்னு வேதத்தைப் படிச்சவங்களுக்குத் தெரியும். அவர் அங்கேயிருந்து உங்களைப் பார்த்துக் கத்துறார், நீங்க வராதீங்கன்னு. இன்னிக்கு யார் கை தூக்கப் போறீங்க?"

எங்கள் சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர் கை தூக்கினார்கள். எண்ணிக்கொண்டார்கள்.

அம்மா கத்தி அழவில்லை. படத்தைப் பார்த்தாள். அவர்கள் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றினாள். பழைய சேலையில் சுற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள். "அவரு அங்க எரியசொல்ல நான் இங்க எப்படிடி அந்த மூஞ்சியப் பாக்கறது" என்றாள். அன்றிலிருந்து அவள் சபைக்குப் போவதும் நிற்கவில்லை, அழுவதும் நிற்கவில்லை.

ஐயா, அன்று நீங்கள் எடுத்துப் பேசியது லூக்கா 16. நரகத்திலிருந்து ஒருவன் தன் சகோதரர்களை நினைத்துக் கதறுகிற அந்தக் கதை. அதில் எரிகிறவன் யார் ஐயா? பணக்காரன். அவன் செய்த தப்பு என்ன? விலை உயர்ந்த துணி உடுத்தி தினமும் விருந்து சாப்பிட்டான், வாசலில் புண்ணோடு கிடந்த லாசருவைக் கண்டுகொள்ளவில்லை. லாசரு எங்கே இருக்கிறான்? ஆபிரகாமின் மடியில். வாசலில் கிடந்தவனின் கதையை எடுத்து, வாழ்நாள் முழுக்க வாசலில் கிடந்த என் நைனாவை அந்தப் பணக்காரன் இடத்தில் வைத்து எரித்தீர்களே, எந்த நியாயத்தில்?

எண்ணூரைப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்த ஜனங்கள் நாங்கள். அந்தச் சேற்றில் இன்றைக்கு அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் முதல் வாரத்து மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எங்கள் வலையில், படகில், வீட்டுச் சுவரில், அலையாத்தி மரத்தில் ஏறியது. அதே மாதக் கடைசியில் அம்மோனியா. இவ்வளவுக்கும் காரணமானவர்களைக் கூட்டி வைத்து, வாசலில் லாசரு கிடக்கிறான், உங்களுக்கு நரகம் காத்திருக்கிறது என்று யாராவது பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. குப்பத்துக்கு வரும்போது மட்டும் அந்தத் தீயை மறக்காமல் எடுத்து வருகிறீர்கள்.

நரகத்துக்கு இயேசு சொன்ன வார்த்தை கெகன்னா. அது எருசலேமுக்குத் தெற்கே இருந்த இன்னோம் பள்ளத்தாக்கு. கேட்டவர்களுக்கு அது தெரிந்த இடம், நடந்து போய்ப் பார்க்கலாம். மனிதர்கள் தங்கள் பிள்ளைகளையே மோளேகுக்காகத் தீயில் இட்ட இடம் அது. அப்படிச் செய்ய நான் சொல்லவும் இல்லை, என் மனதில் அது தோன்றவும் இல்லை என்று கடவுள் வேதனைப்படுவதை எரேமியா 7-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். பிள்ளைகளைத் தீயில் போடுவது தன் மனதிலேயே தோன்றவில்லை என்கிறவரின் பேரைச் சொல்லித்தான் எங்களுக்கு அந்தப் படத்தை மாட்டினீர்கள். கெகன்னா என்று சொன்ன இயேசு எண்ணூர் பாலத்தின் மேல் நின்று பேசியிருந்தால் எந்தப் பக்கம் கையைக் காட்டியிருப்பார்? எங்கள் வீட்டுப் பக்கமா?

இந்த அழுகை என் அம்மாவோடு தொடங்கியதில்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530-களில் ஞானஸ்நானம் எடுத்தது போர்த்துகீசியரின் காவல் வேண்டி. அவர்கள் நடுவே 1542-ல் வந்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் பிரான்சிஸ் சவேரியார். பிறகு ஜப்பானுக்குப் போனார். அங்கே விசுவாசிகளானவர்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: இதைக் கேள்விப்படாமலே செத்துப்போன எங்கள் அப்பா அம்மா என்ன ஆவார்கள்? அவர்களை மீட்க வழியே இல்லையா? இல்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் அழுததையும், அந்த அழுகையைப் பார்க்கத் தனக்கே வேதனையாக இருந்ததையும் 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 470 வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜப்பானியப் பெண் அழுத அதே அழுகையை எண்ணூரில் என் அம்மா அழுகிறாள். ஆனால் சவேரியாருக்கு வேதனையாவது இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் முகத்தில் நான் அதைத் தேடினேன். கை தூக்கியவர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதே சவேரியார் பேரில் ஒரு லத்தீன் பாட்டு வழங்குகிறது. அவர் இயற்றியதுதானா என்பது உறுதியில்லை. நரகத்துக்குப் பயந்து இல்லை, சிலுவையில் என்னை அணைத்துக்கொண்டாயே, அதற்காக உன்னை நேசிக்கிறேன் என்பது அதன் கருத்து. அந்த ஒன்பதாம் நாள் ஸ்டான்லியில் என் அம்மா சொல்லத் தெரியாமல் சொன்னதும் இதுதான்.

எங்கள் நைனா பக்கத்துப் பாட்டி ராமானுஜர் கதை சொல்வாள். மந்திரத்தை வெளியே சொன்னால் உனக்கு நரகம் என்று குரு எச்சரிக்கிறார். இவர் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி நின்று ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறார், நான் ஒருவன் நரகம் போய் இத்தனை பேர் கரையேறினால் போதும் என்று. வேதத்திலும் இது இருக்கிறது ஐயா. ஜனங்களை மன்னிக்க மாட்டீர் என்றால் என் பேரையும் உம்முடைய புத்தகத்திலிருந்து அழித்துப்போடும் என்று மோசே வழக்காடினார். என் ஜனத்துக்காக நானே சாபமாகிப் போனாலும் சரி என்று பவுல் ரோமருக்கு எழுதினார். அம்மோனியாவில் முட்டி போட்டு, ஒரு நிமிசம் நானும் இருந்து பார்க்கிறேன் என்றாளே, அவள் இவர்கள் பக்கத்தில் நிற்கிறவள். அவளைப் போய் நரகத்துக்குப் பயந்து நம்புகிறவள் என்று யார் சொன்னாலும் நான் விட மாட்டேன், அது ஆபீஸ்காரர் ஆனாலும் சரி, பிரசங்கியார் ஆனாலும் சரி.

ராயபுரத்துக்கு அந்தப் பேர் வந்தது ராயப்பரால். ராயப்பர் என்றால் பேதுரு. படகுக்கார ஜனங்கள் கட்டிய அவருடைய கோயில் அங்கே இன்னும் நிற்கிறது. பேதுருவும் எங்களைப் போல வலை இழுத்தவர். பயத்தில் மூன்று தடவை ஆண்டவரைத் தெரியாது என்றவர். உயிர்த்தெழுந்த பிறகு ஆண்டவர் அவரைக் கரையில் பார்க்கிறார். அடுப்புக் கரியில் மீன் வைத்திருக்கிறார், சாப்பிடக் கூப்பிடுகிறார். பிறகு மூன்று தடவை கேட்கிறார், என்மேல் உனக்கு அன்பு இருக்கிறதா என்று. மறுதலித்தாயே, நரகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. அந்தப் பேதுருதான் தன் முதல் நிருபத்தில், கிறிஸ்து காவலில் இருந்த ஆவிகளிடம் போய்ப் பிரசங்கித்தார் என்று எழுதினார். இப்போது நான் போகிற கோயிலில் ஞாயிறு தோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம், அவர் பாதாளத்தில் இறங்கினார் என்று. அந்த இடம் வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவர் இறங்கிப் போகிறவர். மூன்றாவது முறையும் தண்ணீரில் இறங்கிய என் நைனாவை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

போன மாதம் ஒருநாள் அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆபீஸ்காரர் கேட்டதை அவளிடமே கேட்டேன். "அம்மா, நரகமே இல்லேன்னு வச்சுக்கோ. சபைக்குப் போவியா?"

தலையை நிமிர்த்திப் பார்த்தாள், இதென்ன கேள்வி என்பதுபோல. "ஸ்டான்லில அந்தக் கஞ்சியக் குடிக்கசொல்ல நரகம்னு ஒண்ணு கீதுன்னே எனுக்குத் தெரியாதேடி."

கொஞ்ச நேரம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அது இல்லேன்னு யாராச்சும் சொன்னா உங்க நைனாவ வெளிய எடுத்து வச்சிக்குவேன்" என்றாள்.

ஐயா, நரகம் உண்டா இல்லையா என்று நான் உங்களோடு வாதாட வரவில்லை. அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று, புருஷனைப் புதைத்து மூன்றாம் நாள் ஆன ஒரு பெண்ணிடம், அவர் வீட்டிலேயே நின்று சொன்னீர்கள். அதை நான் சொல்லித் திரும்பப் பெற முடியாது. பெரியப்பா சொல்லியும் முடியவில்லை. நீங்கள் சொன்னால்தான் அம்மா கேட்பாள். இப்போதும் உங்களை ஐயா என்று மரியாதையோடுதான் சொல்கிறாள்.

வாருங்கள். அதே நாற்காலி இருக்கிறது. பெட்டியை அம்மா திறந்து கொடுப்பாள். ஆணியைப் பிடுங்கவில்லை, சுவரில் அப்படியே இருக்கிறது.